நாற்பத்தேழாம் கேள்வி

கை சுத்தமாக இல்லை, அவ்வளவுதான். கை மட்டும் சுத்தமாக இருந்திருந்தால் எப்போதோ எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்து, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் படம் பிடித்து, கூட வேலை பார்க்கும் முப்பிடாதிக்கு அனுப்பியிருப்பாள். கொல்லைப்புறக் குழாயடியில் பலகையைப் போட்டு, அரிவாள்மணையின் மேல் ஒரு காலை வைத்து அழுத்தியபடி, ஜெஸிந்தா டீச்சர் இதைத் தனக்குள் பத்தாவது தடவையாகச் சொல்லிக்கொண்டாள். சட்டி நிறையச் சாளை மீன். மத்தியானம் துறைமுக வேலை முடிந்து வரும்போது கிறிஸ்டோபர் இரண்டு கூறு வாங்கிவந்து அடுப்படியில் வைத்துவிட்டு, லுங்கியை மாற்றிப் படுத்தவர்தான், இன்னும் எழவில்லை. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். மகள் நாகர்கோவில் ஹாஸ்டலில் இருக்கிறாள். இரண்டு பேருக்கு எதற்கு இரண்டு கூறு என்று மற்ற நாளாக இருந்தால் சண்டை பிடித்திருப்பாள். இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை மீன் இருக்கிறதே, நல்லவேளை, ஆய்ந்து முடிக்க ஐந்தரை ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு வந்தது பாருங்கள், அந்த நினைப்பு வந்ததிலிருந்துதான் அவளுக்குக் குமட்டுகிறது. மீன் நாற்றமா, நினைப்பின் நாற்றமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. செதிலை உரசினாள். செதில் முழங்கை வரைக்கும் தெறித்து ஒட்டிக்கொண்டது. வயிற்றைக் கீறி விரலை விட்டுக் குடலை இழுத்தாள். சாளையின் குடல் கறுப்பாக, கொழகொழவென்று, எத்தனை கழுவினாலும் நகக்கண்ணில் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்தக் கையோடு புத்தகத்தைத் தொட முடியுமா? முடியாது. பதினெட்டு வருடப் புத்தகம். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்த காலத்தில் வாங்கியது. அட்டை போனாலும் உள்தாள் ஒன்றுகூடக் கிழியவில்லை. அதில் போய் மீன் கையை வைப்பார்களா யாராவது.

புத்தகம் பரணில் இல்லை. பரணில்தான் எங்கேயோ கிடக்கும், ஏணி போட்டுத் தேட வேண்டும் என்று நேற்றுச் சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடும்போது முப்பிடாதியிடம் சொன்னது பொய் இல்லை. அப்போது அவளுக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஞாபகம் வந்துவிட்டது. மர அலமாரி, மூன்றாம் தட்டு, தகுதித் தேர்வுக் கைடுகளுக்கு அடியில். போய்ப் பார்த்தாள், இருந்தது. திறந்தாள், பக்கமும் அதுவாகவே வந்து நின்றது. அந்தக் காலத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருக்கிறாள். மனப்பாடமாகப் பாடத்தைச் சொல்லும் குழந்தை வாசிக்கும் குழந்தை ஆகாது, அதன் எழுத்தறிவைப் புதிய சொற்களைக் கொண்டு முதலில் சோதிக்க வேண்டும் என்று வரி. அரசு அச்சிட்ட புத்தகம், அரசு முத்திரை. தகுதித் தேர்வின் விடை தப்பு என்று ஆட்சேபம் போடுகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். கைடைக் காட்டினால் தேர்வு வாரியம் ஏற்றுக்கொள்ளாது, அங்கீகாரம் பெற்ற பாடநூல்தான் ஆதாரம் என்று அறிக்கையிலேயே போட்டிருக்கிறான். முப்பிடாதி படித்த காலத்தில் பாடத்திட்டம் மாறிவிட்டது, அவளிடம் இந்தப் புத்தகம் கிடையாது. கடையிலும் கிடையாது. தெரிந்த வட்டாரத்தில் ஜெஸிந்தாக்காவிடம் மட்டும்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், ஏனென்றால் ஜெஸிந்தாக்காதான் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த வரியைப் பெருமையாக எடுத்துக் காட்டினாள். அன்றைக்குக் காட்டாமல் இருந்திருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத ஜென்மம். பெரிய வாத்தியாரம்மா என்று காட்டிக்கொள்ள வேண்டும், வேறென்ன.

எண்பத்திரண்டு எடுத்தால் தேர்ச்சி. எண்பத்தொன்று எடுத்தால் ஒன்றுமில்லை. நூற்றைம்பது கேள்விக்கு உத்தேச விடையைச் செவ்வாய்க்கிழமை வெளியிட்டார்கள். விடைத்தாளின் நகலை வைத்துக்கொண்டு ஜெஸிந்தா மூன்று முறை எண்ணினாள், மூன்று முறையும் எண்பத்திரண்டு. நாலாவது முயற்சி, நாற்பத்திரண்டு வயது. ஒன்பது வருடமாக அதே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் மூக்கைச் சிந்திவிட்டும், ‘தேர்ச்சி பெறாதவர்’ என்று வருகைப் பதிவேட்டின் கடைசியில் கோடு கிழித்து எழுதப்படும் பெயர் அவளுடையது, அதற்கு இந்த ஜூனோடு முடிவு. தேறினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டைப் பார்த்துப் போ என்று தாளாளர் சொல்லியாகிவிட்டது. முப்பிடாதிக்கும் அதே கெடு. முப்பிடாதி எண்ணியபோது எண்பத்தொன்று. நாற்பத்தேழாம் கேள்வியில் அவள் குறித்தது ஆ. உத்தேச விடை அ. அந்த விடை தப்பு என்று இன்று சனிக்கிழமை மாலை ஐந்தரைக்குள் ஆதாரத்தோடு இணையத்தில் ஆட்சேபம் பதிந்து, வாரியமும் ஏற்றுக்கொண்டால், அவள் எண்பத்திரண்டு. நல்ல செய்தி. ஆனால் அதே கேள்வியில் ஜெஸிந்தா குறித்தது அ. விடை மாறினால் அவள் எண்பத்தொன்று. இது முப்பிடாதிக்குத் தெரியாது. உலகத்தில் யாருக்குமே தெரியாது. மீனுக்கு வேண்டுமானால் சொல்லலாம் என்று நினைத்து, ஒரு சாளையின் தலையைக் கிள்ளி எறிந்தாள். கண் திறந்தபடியே சாக்கடை ஓரத்தில் விழுந்தது. காக்கை வந்து பார்த்துவிட்டுப் போனது. காக்கைக்குக்கூட வேண்டாம் போலிருக்கிறது.

இது எல்லாம் அந்தக் கோச்சிங்கால் வந்த கேடு. கல்யாண மண்டபத்தின் மாடியில், பந்தி போடும் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமைதோறும் முந்நூறு பேரை வரிசையாக உட்காரவைத்து மைக்கில் கத்தினார் தனபாலன் சார். கீழே ஏதாவது கல்யாணம் நடக்கும், சாம்பார் மணமும் ஃபினாயில் மணமும் ஏறி வரும். வாசிப்புக் கற்பித்தல் என்று பலகையில் எழுதிவிட்டு ஒருநாள்கூட அவர் ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசியதில்லை. எந்த விடையில் ‘மகிழ்ச்சி’ என்ற சொல் வருதோ அதைக் கறுத்துருங்க, இரண்டில் வந்தால் எது நீளமோ அதைக் கறுங்க, இதுதான் அவருடைய குழந்தை உளவியல். மகிழ்ச்சியான வாசிப்பு, மகிழ்ச்சியான கற்றல், முந்நூறு பேரும் சேர்ந்து சொல்லுங்கள் என்பார். வீட்டில் சோற்றை வடித்துவைத்து, இரண்டு பஸ் மாறி வந்த பொம்பளைகள் முந்நூறு பேரும் தூங்கி வழிகிற முகத்தோடு மகிழ்ச்சி, மகிழ்ச்சி என்று சொன்னார்கள். அவளும் சொன்னாள். அவர் வாயிலிருந்து மைக்கில் தெறிக்கும் எச்சிலை முதல் வரிசையில் இருந்தவர்கள் குறிப்பேட்டால் மறைத்துக்கொள்வார்கள். ஒருமுறை அவள் கையைத் தூக்கி, சார், வகுப்பில் அப்படி நடக்காதே, பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தால் பிள்ளை நெட்டுருப் போட்டுவிடுமே, எழுத்து தெரியாதே என்று கேட்டாள். கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் சிரித்தார். வெற்றிலைக் கறை படிந்த அந்தச் சிரிப்பு இன்றைக்கும் அவள் கண்ணுக்குள் நிற்கிறது. “டீச்சர், ஒங்க வகுப்பையும் அனுபவத்தையும் வெளிய செருப்போட சேத்து விட்டுட்டு வாங்க. பரீட்ச ஹால்ல அது ஒங்களுக்கு எதிரி” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு முறை அந்த எதிரியோடுதான் போய்த் தோற்றாள். மூன்றாம் முறையும் பழக்கம் விடவில்லை. நாலாம் முறை செருப்போடு சேர்த்து விட்டுவிட்டுப் போனாள். அதுதான் பலித்தது. அதை நினைக்கும்போதுதான் அவர்மீதும் கோபம் வரவில்லை, தன்மீதும் கோபம் வரவில்லை, வெறும் அசிங்கமாக மட்டும் இருக்கிறது.

நாற்பத்தேழாம் கேள்வியை எவன் தயாரித்தானோ, அவன் நேரே இரண்டாம் வகுப்பு வாசலில் நின்று பார்த்துத்தான் தயாரித்திருக்க வேண்டும். ஒரு குழந்தை பாடப் பக்கத்தை விரல் வைத்துத் தடையின்றிச் சொல்கிறது, ஆனால் அதே சொற்களை வேறிடத்தில் காட்டினால் படிக்க முடியவில்லை, ஆசிரியர் முதலில் செய்ய வேண்டியது என்ன? சுபிக்‌ஷா. வேறு யார். முப்பிடாதி வகுப்பில் முதல் வரிசையில், இரட்டைச் சடையில் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு உட்காரும் பிள்ளை. தவளைப் பாடத்தை விரல் வைத்து, ஏற்ற இறக்கத்தோடு, ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி வாசிக்கும். பார்வையாளர் யார் வந்தாலும் முப்பிடாதி அவளைத்தான் எழுப்பிவிடுவாள். போன வருடம் ஒருநாள் முப்பிடாதிக்குத் துணையாக அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த ஜெஸிந்தா, பிள்ளையின் விரல் ஒரு சொல் பின்தங்கி வருவதைப் பார்த்தாள். எழுந்துபோய்ப் படத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். வாசிப்பு நின்றது. பிள்ளை அவள் கையையே பார்த்தது. குளம் என்ற சொல்லைப் பலகையில் தனியாக எழுதிக் காட்டினால், தவளை என்றது. முப்பிடாதி வெளிறிப்போய் நின்றாள். சாயங்காலம் எல்லாரும் போனபிறகு, ஒரு வருசமா இந்தப் பிள்ள படிக்குதுன்னுல்லாக்கா நெனச்சிட்டிருந்தேன், எனக்கே படிக்கத் தெரியல போலருக்கே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் மதியம்தான் அந்தப் பழைய புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டியது. அன்றிலிருந்து அவள் வகுப்பில் படத்தை மூடிவிட்டுத்தான் வாசிக்க வைப்பாள். புதுச் சொல்லாக எழுதிக் காட்டுவாள். பிள்ளைகள் தடுமாறும், திக்கும், பார்வையாளர்கள் முகம் சுளிப்பார்கள், அவள் கவலைப்பட்டதே இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஜெஸிந்தா சொல்லிக்கொடுத்தது. ஆ என்று அவளைக் குறிக்க வைத்ததும் ஜெஸிந்தாதான்.

ஹாலில் அந்தக் கேள்வியைப் படித்ததும் ஜெஸிந்தாவுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் ஓடியது. இதற்குப் பதில் தெரியும், இந்த ஹாலில் இருக்கிற எல்லாரையும்விட எனக்குத் தெரியும் என்று, புதிய சொற்களைக் கொடுத்துச் சோதித்தல் என்றிருந்த ஆ மேல் பேனாவைக் கொண்டுபோனாள். கறுப்புப் பேனா, ஒருமுறை வைத்தால் அழிக்க முடியாது. வைக்கிற நேரத்தில் அ கண்ணில் பட்டது. அதே பாடத்தைப் பலமுறை மகிழ்ச்சியாக வாசிக்கச் செய்தல். மகிழ்ச்சி. நீளமும் அதுதான். பேனா காற்றில் நின்றது. மேலே மின்விசிறி டக் டக் என்று ஒரு பக்கமாக இடித்துக்கொண்டு சுற்றியது. பக்கத்துப் பெஞ்சுப் பெண் இருமினாள். உண்மையைக் கேட்கிறானா, அவனுக்கு வேண்டியதைக் கேட்கிறானா? மூன்று முறை உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று. தனபாலன் சாரின் பல் ஞாபகம் வந்தது, தாளாளர் அறையின் நாற்காலி ஞாபகம் வந்தது, சுபிக்‌ஷாவின் முகம் ஞாபகம் வந்தது. பிள்ளையின் முகத்தை மட்டும் தள்ளிவிட்டு அ வட்டத்தைக் கறுத்தாள். அழுத்தி, வெள்ளை தெரியாமல். அந்தப் பிள்ளையாவது தனக்குப் படிக்கத் தெரியாது என்பது தெரியாமல் ஒப்பித்தது. இவளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்துகொண்டே ஒப்பித்தாள். பிள்ளையைத் திருத்தலாம், இந்தக் கழுதையை என்ன செய்வது.

வெளியே கேட்டுக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில் வைத்திருந்த பைகளைத் தேடிக்கொண்டு நின்ற கூட்டத்துக்குள் முப்பிடாதி முண்டியடித்து வந்தாள். வேர்த்து வழிந்த முகம், அவ்வளவு சிரிப்பு. நாற்பத்தேழு பார்த்தியளாக்கா, நம்ம சுபிக்‌ஷா கேள்வி, ஆ தான என்றாள். ஆமா, ஆ தான் என்றாள் ஜெஸிந்தா. அதில் என்ன பொய் இருக்கிறது? சரியான விடை ஆ தானே என்று கேட்டாள், ஆமாம் என்று சொன்னாள். நீங்கள் எதைக் குறித்தீர்கள் என்று கேட்டிருந்தால் அதைச் சொல்லியிருப்பாள். சொல்லியிருப்பாளா? அவள் கேட்கவில்லை, அதுவேறு. கேட்காத கேள்விக்கு யார் பதில் சொல்வார்கள்? இந்த நியாயத்தை இந்த ஒன்றரை மாதத்தில் எத்தனை முறை புரட்டிப் புரட்டிப் பார்த்தாயிற்று, எந்தப் பக்கம் திருப்பினாலும் அதன் அடியில் அதே ஈரம். பிறகு செவ்வாய்க்கிழமை, எவ்வளவுக்கா வருது என்று எல்லார் முன்னாலும் கேட்டபோது எண்பத்தஞ்சு என்றாள். அதுதான் முழுப் பொய். எண்பத்திரண்டு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மூன்று மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னதால் வந்த வினை, இப்போது முப்பிடாதி நிம்மதியாகக் கேட்கிறாள். ஜெஸிந்தாக்காவுக்கு இதில் ஒரு நட்டமும் இல்லை, எண்பத்தைந்து வைத்திருக்கிறவளுக்கு என்ன, அவளும் ஆ தானே போட்டிருக்கிறாள், ஏறினால் எண்பத்தாறு. இப்படித்தான் நினைத்திருப்பாள். அவள் நினைப்பில் ஒரு தப்பும் கிடையாது.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு ஜன்னல் திண்டில் வைத்திருந்த போன் அடித்தது. முப்பிடாதி. எடுக்காமல் இருந்தால் சந்தேகம் வரும், எடுத்தால் பேச வேண்டும். முழங்கை முனையால் பச்சையைத் தள்ளி, ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது. பிரவுசிங் சென்டரில் வந்து உட்கார்ந்திருப்பதாகவும், ஆட்சேபத்தில் எழுத வேண்டியதெல்லாம் எழுதிவிட்டதாகவும், அந்தப் பக்கம் மட்டும் வந்துவிட்டால் ஏற்றி அனுப்பிவிடலாம் என்றும் சொன்னாள். மத்தியானம் ஒரு மணிக்கே வந்துவிட்டாளாம். மாமியார் வீட்டில் இதுதான் கடைசி முறை என்று சொல்லியிருக்கிறார்கள் என்பதை ஜெஸிந்தா ஏற்கெனவே அறிவாள். அதை இன்றைக்கு அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை, இரக்கத்தைக் காட்டிப் பிடுங்கப் பார்க்கிறாள் என்று கோபப்பட்டிருக்கலாம். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

“பரண்ல பாத்தியளாக்கா?”

“மீன் ஆஞ்சுட்டிருக்கேன் முப்பிடாதி, கையெல்லாம் ஒரே கவிச்சு. முடிச்சிட்டுத் தேடுதேன்மா.”

“பாத்து மெதுவா ஏறுங்கக்கா. ஏணி ஆடும்னு சொன்னியள்லா.”

போன் அணைந்தது. தேடுதேன்மா. அந்த ‘மா’ எங்கிருந்து வந்தது? அந்தத் தேன் எங்கிருந்து வழிந்தது? சாதாரணமாக அவள் முப்பிடாதியிடம் வாடி, போடி என்றுதான் பேசுவாள். பொய் சொல்லும்போது மட்டும் குரலுக்கு இப்படி ஒரு இனிப்பு வந்துவிடுகிறது. தன் குரலைத் தானே கேட்டது, யாரோ மென்று துப்பியதை வாயில் வாங்கிய மாதிரி இருந்தது. துப்பினாள். எச்சில் சாக்கடையில் செதில்களோடு சேர்ந்து மெதுவாகப் போயிற்று. ஈ மொய்க்க ஆரம்பித்துவிட்டது. விரட்டக் கையைத் தூக்கினால் கையிலும் ஈ.

யோசித்துப் பார்த்தால் இது அவ்வளவு பெரிய விஷயமா என்றும் இருந்தது. இத்தனை மாவட்டம் இருக்கிறது, இத்தனை லட்சம் பேர் எழுதியிருக்கிறார்கள், இவள் ஒருத்தி பக்கம் அனுப்பித்தானா வாரியம் விழித்துக்கொள்ளப்போகிறது? வேறு யாராவது இந்நேரம் போட்டிருப்பார்கள். அப்படி யாராவது போட்டால் இவள் அனுப்பாமல் இருந்தும் பயனில்லை, ஆகவே அனுப்பாமல் இருப்பது பாவமும் இல்லை. சரி, பயனில்லை என்றால் அனுப்பிவிடலாமே? அனுப்பலாம், ஆனால் யாருமே போடாமல் இருந்து, இவள் அனுப்பியதாலேயே மாறிவிட்டால்? சில சமயம் இரண்டு விடையும் சரி என்று இரண்டுக்கும் மதிப்பெண் கொடுப்பார்கள். அப்படிக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், அவளும் பிழைப்பாள், நானும் பிழைப்பேன். மாதாவே, அப்படிக் கொடுக்க வை என்று வேண்டிக்கொள்ள வாயெடுத்து, மீன் குடலைக் கையில் வைத்துக்கொண்டு மாதாவைக் கூப்பிடுவதற்குக் கூச்சப்பட்டு நிறுத்தினாள். முப்பிடாதிக்கு இருபத்தொன்பது வயதுதான். இன்னும் நாலு முறை எழுதலாம். கெட்டிக்காரி, அடுத்த முறை தொண்ணூறு எடுப்பாள். நான் தேறிய பிறகு அவளை நானே உட்கார வைத்துச் சொல்லித்தருவேன், என் கைடையெல்லாம் கொடுத்துவிடுவேன், குறிப்பேட்டையும் கொடுப்பேன். இப்படிக் கொடை வள்ளலாகிக்கொண்டே போனாள். புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் கொடுக்க முடியாதவள் அலமாரியையே தூக்கிக்கொடுக்கத் தயாராக இருக்கிறாள். சீ என்று வாய்விட்டே சொன்னாள்.

ஐந்து மணிக்கு முன்னால் மறுபடி போன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டாள். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. போன் அடிக்குல்லா, எடேன் என்றார் கிறிஸ்டோபர் தூக்கக் குரலில். கையில் மீன் இருக்கிறது, அடித்துவிட்டுப் போகட்டும் என்றாள். அவர் எடுத்துக் கொண்டுவந்து காதில் வைத்துவிடுவாரோ என்று கதவையே பார்த்தாள். நல்ல மனுஷன், அப்படியெல்லாம் செய்யக்கூடியவர்தான். இன்றைக்குச் செய்யவில்லை, புரண்டு படுத்துக்கொண்டார். அவரிடம் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ஒன்றும் யோசித்திருக்க மாட்டார். ஒனக்கு வேல வேணுமா வேண்டாமா என்று கேட்டிருப்பார், இல்லையென்றால் சட்டென்று அலமாரியைத் திறந்து அவரே படம் பிடித்து அனுப்பியிருப்பார். இரண்டில் எதுவென்று தெரியாததால்தான் அவள் சொல்லவில்லை.

கடைசி மீன் ஆய்ந்தாயிற்று. அப்போதுதான் பயம் வந்தது. சட்டியைத் துழாவினாள், ஒன்றும் இல்லை. ஆய்ந்து போட்டதில் நாலைந்தை எடுத்து மறுபடி செதில் உரசினாள், ஏற்கெனவே வழுவழுவென்று இருந்ததில் தோல்தான் உரிந்தது. கல்லுப்பைப் போட்டு அலசினாள், தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி அலசினாள். தண்ணீர் தெளிந்து, குழாய்த் தண்ணீர் போலவே ஆகிவிட்டது. இனி அலசினால் மீனில் ருசி இருக்காது. கொண்டுபோய் அடுப்படியில் மூடிவைத்தாள். சோப்பைப் போட்டுக் கை கழுவினாள். புளியைத் தேய்த்துக் கழுவினாள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து பத்தொன்பது. துண்டில் துடைத்தாள். கை சுத்தமாக இருந்தது.

அலமாரிக்கு முன்னால் போய் நின்றாள். கதவைத் திறந்தாள். மூன்றாம் தட்டில் பளபளவென்று கைடுகள், அட்டையில் தேர்ச்சி பெற்றவர்களின் பாஸ்போர்ட் படங்கள், கழுத்தில் டை கட்டிய தனபாலன் சார். அவற்றைத் தூக்கி வைத்துவிட்டு அடியிலிருந்த புத்தகத்தைத் தொட்டாள். பதினோரு நிமிடம். படம் பிடிக்க அரை நிமிடம், அனுப்ப அரை நிமிடம். கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. லேசாக இருக்கிறது. மறுபடி கொல்லைக்குப் போய்ப் புளியைத் தேய்த்தாள், நகக்கண்ணுக்குள் ஈர்க்குச்சியை விட்டுக் கிண்டினாள், தோல் சிவக்கும்வரை தேய்த்தாள். தேய்க்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது, எதற்குத் தேய்க்கிறோம் என்றும் தெரிந்தது, கை நிற்கவில்லை. முப்பிடாதி கம்ப்யூட்டர் திரையின் மூலையில் ஓடும் மணியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கடைக்காரனிடம் இன்னும் அஞ்சு நிமிசம்ண்ணே என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அக்கா ஏணியிலிருந்து விழுந்துவிட்டாளோ என்றுகூட நினைத்திருப்பாள், அந்தப் பைத்தியம் அப்படித்தான் நினைக்கும். ஐந்து இருபத்தெட்டுக்குத் துண்டை எடுத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். அலமாரிக்கு முன்னால் வந்து நின்றபோது கடிகாரத்தின் பெரிய முள் ஆறைத் தொட்டது. கொஞ்சம் பொறுத்து ஆறைத் தாண்டியது. அவள் தோள்கள் இரண்டும் இறங்கின. மூச்சு நிம்மதியாக வந்தது. அந்த நிம்மதியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

புத்தகத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தாள். நிழல் விழாமல், சிவப்புக் கோடு நன்றாகத் தெரிகிற மாதிரி, மெனக்கெட்டுப் படம் பிடித்தாள். ஐந்து முப்பத்து நாலு. படத்துக்குக் கீழே, ‘இப்பதான் கெடச்சுதுமா, பரண்ல அடியில கெடந்துது, டைம் இருக்கா?’ என்று தட்டினாள். டைம் இருக்கா என்பதை அழித்தாள். மறுபடி எழுதினாள். அது இல்லாவிட்டால் இயல்பாக இருக்காது. அனுப்பினாள்.

குரல் செய்தி உடனே வந்தது. கையில் போனை வைத்தபடியே இருந்திருக்கிறாள். ரோட்டுச் சத்தத்துக்கு நடுவே முப்பிடாதியின் குரல், அழுத குரலாக இல்லை.

“நேரம் முடிஞ்சிட்டுக்கா. சைட்ட பூட்டிட்டான். பரவால்ல, நீங்க பாவம், இந்த வயசுல ஏணியேறி எறங்கி. ஆனா பாத்தியளா, புஸ்தகத்துலயே இருக்கு. நாம ரெண்டு பேரும் போட்டதுதான் சரி. இத்தன நாளா தப்பா போட்டுட்டமோ, பிள்ளைகளுக்குத் தப்பா சொல்லிக்குடுத்துட்டமோன்னு ஒறக்கமே இல்லக்கா எனக்கு. இப்ப நிம்மதி. சரின்னு தெரிஞ்சா போதும், பெயிலானாலும் பரவால்ல.”

முடிந்தது. கீழே பதில் எழுதும் இடத்தில் கோடு விட்டு விட்டு மின்னியது. உள்ளேயிருந்து கிறிஸ்டோபர் காப்பி கேட்டார். இதோ என்றாள். இப்போதாவது எழுதலாம், நான் போட்டது அ என்று, மூன்றே சொல். ‘நான்’ என்று தட்டினாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, ‘ஆமாமா, நாம ரெண்டு பேரும்தான்’ என்று எழுதினாள். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தாள். அனுப்பினாள்.